உங்களுக்குத் தெரியுமா? தமிழோசை ஒலித்த கட்டடத்தில் இன்று வகுப்பறைகள்

★ இரவு 9.15 மணிக்குச் சிற்றலை வானொலியைத் திருகி பி.பி.சி. தமிழோசை கேட்ட தலைமுறை தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இன்றும் இருக்கிறது. அந்தக் குரல்கள் பல்லாண்டு காலம் கிளம்பிய இடம் லண்டன் ஆல்ட்விச்சில் உள்ள புஷ் ஹவுஸ். அதைக் கட்டியது பி.பி.சி. அல்ல. அமெரிக்கத் தொழிலதிபர் இர்விங் புஷ் வணிக மையமாகக் கட்டி 1925-இல் திறந்தார். உலகிலேயே அதிகச் செலவில் எழுந்த கட்டடம் என்று 1929-இல் பெயர் வாங்கியது. போர்க்காலக் குண்டுவீச்சில் தலைமையகம் சேதமானதால் பி.பி.சி.யின் ஐரோப்பிய ஒலிபரப்பு 1941-இல் இங்கே வாடகைக்கு வந்தது. மற்ற மொழிகள் பிறகு வந்து சேர்ந்தன. 2012 ஜூலை 12-இல் கடைசிச் செய்தி அறிக்கை வாசிக்கப்பட்டது. இப்போது அங்கே லண்டன் கிங்ஸ் கல்லூரி நடக்கிறது.

★ அதே கட்டடத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து தீப்பந்தம் ஏந்தும் இரண்டு சிலைகள் உண்டு. 1944-இல் ஆல்ட்விச்சில் விழுந்த ஜெர்மானியப் பறக்கும் குண்டு, அமெரிக்கச் சிலையின் ஒரு கையைப் பெயர்த்துவிட்டது. புதுக் கை பொருத்தப்பட்டது 1977-இல்தான்.

★ டெல்லி ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான் லண்டனில் மிட்லண்ட் வங்கியின் தலைமையகத்தையும் வடிவமைத்தார். வங்கி கைமாறிப் போனபின் சில ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த அது, 2017-இல் ஹோட்டலானது. பெயர் ‘தி நெட்’. லட்யன்ஸின் செல்லப் பெயர் அது. காசாளர்கள் நின்ற கூடத்தில் பச்சைக்கல் தூண்கள் அப்படியே இருக்க, நடுவே சாப்பாட்டு மேசைகள். நிலவறைப் பெட்டகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட லாக்கர்கள் வரிசை கலையாமல் சுவரை மூடி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே உட்கார்ந்துதான் மது அருந்துகிறார்கள்.

★ சர்ச்சில் பணியாற்றிய பழைய போர் அமைச்சகம் (1906) இன்று இந்துஜா குழுமத்தின் கையில். 250 ஆண்டுக் குத்தகை. 2023-இல் ராஃபிள்ஸ் ஹோட்டலாகத் திறந்தது. சீரமைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பொதுப்பணத்தில் எழுந்த கட்டடத்துக்குள் நுழைய இப்போது கனத்த பணப்பை வேண்டும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. புஷ் ஹவுஸ் மாணவர்களுக்குக் கிடைத்ததை இதனால்தான் பெரிதாக நினைக்கிறேன்.

★ தேம்ஸ் கரையில் கவுன்ட்டி ஹால். லண்டன் நகராட்சி அங்கிருந்துதான் நடந்தது. கடைசியாக அங்கே இயங்கிய பெருநகர லண்டன் மன்றத்தை 1986-இல் தாட்சர் அரசு கலைத்தது. 1993-இல் கட்டடம் ஜப்பானிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இன்று அதற்குள் மீன் காட்சியகமும் ஹோட்டல்களும்!

★ அலுவலகத்தை வீடாக்குவது ஏன் கடினம்? அலுவலகத் தளங்கள் அகலமானவை. ஜன்னல் சுற்றுச்சுவரில் மட்டும். கழிப்பறைகளும் குழாய்களும் நடுவே லிஃப்ட்டை ஒட்டி. குறுக்குச் சுவர் எழுப்பிப் பிரித்தால் நடுவில் உள்ள அறைகளுக்கு வெளிச்சமே வராது. இங்கிலாந்தில் 2013 முதல் முழு திட்ட அனுமதி இல்லாமலே அலுவலகங்களை வீடாக்கலாம் என்று விதி தளர்ந்தது. உடனே புறாக்கூண்டு போன்ற குடியிருப்புகள் முளைத்தன, சிலவற்றில் ஜன்னலே இல்லை. எதிர்ப்புக் கிளம்பியபின் 2020-இல் எல்லா அறைக்கும் இயற்கை வெளிச்சம் கட்டாயமானது. மறு ஆண்டு, குறைந்தது 37 சதுர மீட்டர் (சுமார் 400 சதுர அடி) வேண்டும் என்றும் வந்தது. வீடு என்ற பெயரில் இருட்டறையை விற்கவிடாமல் தடுக்கச் சட்டம் ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது பெரிய கொடுமை.

★ லண்டனில் 1966-இல் கட்டி முடித்த சென்டர் பாயின்ட் அலுவலகக் கோபுரம் பல ஆண்டுகள் காலியாகவே நின்றது. வீடில்லாதோர் தெருவில் கிடக்க, இது பூட்டிக் கிடப்பதா என்று கொதித்த போராட்டக்காரர்கள் 1974 ஜனவரியில் உள்ளே புகுந்தார்கள். அது இப்போது 82 சொகுசு வீடுகள். 2018-இல் கேட்ட விலை கிடைக்கவில்லை என்று உரிமையாளர்கள் விற்பனையையே நிறுத்திவைத்தார்கள்.

★ சென்னைக்கு வருவோம். அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் எல்.ஐ.சி. இடிக்கத் தொடங்கியது. மரபுக் கட்டடங்களைக் காக்கும் ‘இன்டாக்’ அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த் தடுத்தது. இடிபடாமல் தப்பியது, ஆனால் பிழைக்கவைக்க ஆளில்லாமல் சிதைந்தது. லண்டனின் எந்த ஹோட்டலைப் பற்றி எழுதும்போதும் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

★ மீண்டும் லண்டன். அடுத்து ஹோட்டலாகக் காத்திருப்பது பி.டி. டவர். 1965-இல் திறந்த இந்தத் தொலைத்தொடர்புக் கோபுரத்தை 2024-இல் அமெரிக்காவின் எம்.சி.ஆர். ஹோட்டல்ஸ் 27.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. நியூயார்க் விமான நிலையத்தின் பழைய டி.டபிள்யூ.ஏ. முனையத்தை ஹோட்டலாக்கியதும் இவர்களே. உச்சியில் இருந்த சுழலும் உணவகம் 1980-இல் மூடப்பட்டது.