தாயாகிவிட்ட பேய்

பேயைக் கண்டு ஓடியவர்களைப் பற்றி நேயர்கள் எத்தனையோ கதைகள் கேட்டிருப்பார்கள். பேயைத் தேடிக்கொண்டு ரயிலேறிப் போனவர்களைப் பற்றிக் கேட்டதுண்டா? பாங்காக் நகரில் நாம் அந்தக் காரியத்தைத்தான் செய்தோம். அதுவும் நள்ளிரவில் அல்ல, பட்டப் பகலில்!

ஆன் நுட் ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் சென்றால், பிரா கனோங் கால்வாய்க் கரையில் வாட் மஹாபுட் என்னும் பௌத்த ஆலயம் இருக்கிறது. பூவும் ஊதுவத்தியும் விற்பவர்கள், கால்வாயில் விட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வதற்காக உயிருள்ள மீன் விற்பவர்கள், ஜோசியர்கள் ஆகிய எல்லோரையும் கடந்து உள்ளே சென்றோம். அங்கே ஒரு சிறு சந்நிதி. அதில் வீற்றிருப்பவர் புத்த பகவான் அல்லர். மே நாக் என்னும் பெண் பேய்!

அவள் கதையைத் தாய்லாந்தில் அறியாதவர் இல்லை. 1999-லும் 2013-லும் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற திரைப்படங்கள் உள்பட, எத்தனையோ படங்களில் அவள் தோன்றியிருக்கிறாள். நாட்டுக்குச் சயாம் என்று பெயர் வழங்கிய 19-ஆம் நூற்றாண்டில், பிரா கனோங்கில் நாக் என்ற பெண் மாக் என்ற கணவனுடன் வாழ்ந்து வந்தாள். அவள் கர்ப்பிணியாக இருக்கையில் அவன் யுத்தத்துக்குப் போக நேர்ந்தது. பிரசவத்தில் தாயும் சேயும் மாண்டனர். சேதி அறியாத மாக் திரும்பி வந்தபோது மனைவி குழந்தையுடன் வாசலில் காத்திருந்தாள். இருவரும் சந்தோஷமாகவே குடித்தனம் நடத்தினார்கள்.

ஒரு நாள் அவள் சமையல் செய்துகொண்டிருந்தபோது எலுமிச்சம்பழம் ஒன்று பலகைத் தளத்தின் இடுக்கு வழியே கீழே விழுந்தது. உயரமான கால்களின் மேல் கட்டிய வீடு அது. இறங்கிப் போவானேன் என்று நினைத்தாளோ என்னவோ, கையை அப்படியே தரைவரை நீட்டிப் பழத்தை எடுத்துவிட்டாள். மாக் அதைப் பார்த்துவிட்டான். அன்றிரவே அவன் ஓடி ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தான். கணவனைப் பிரிந்த நாக் ஊரையே கலக்கினாள். மந்திரவாதி ஒருவன் அவளை மண்குடத்தில் அடைத்துக் கால்வாயில் எறிந்தானாம். மீன் பிடிப்பவர்கள் அறியாமல் திறந்து விட்டார்களாம். கடைசியில் சோம்டெட் டோ (1788–1872) என்ற புகழ் பெற்ற பிக்ஷு அவளைச் சாந்தப்படுத்தி, அவளது நெற்றி எலும்பில் ஆவியை அடக்கினார் என்பது கதை.

இதற்கு வேறொரு விளக்கமும் உண்டு. 1899-ல் குலாப் என்ற சயாமியப் பத்திரிகாசிரியர் எழுதியதாவது: அந்தப் பெண் கர்ப்பத்தோடு இறந்தது உண்மை, தந்தை மறுமணம் செய்துகொண்டால் சொத்துப் பங்காகிவிடுமே என்று அவளுடைய பிள்ளைகளே பெண் வேஷம் போட்டுக் கல்லெறிந்து ஊரை மிரட்டினார்கள்! இதைப் படித்த பின்னும் சந்நிதியில் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை.

பொன் தகடு ஒட்டிய அவள் உருவம் குழந்தையுடன் அமர்ந்திருக்கிறது. சுற்றிலும் ஜனங்கள் காணிக்கையாகக் கொடுத்த பட்டாடைகள்; பவுடர், வாசனைத் தைலங்கள்; குழந்தைக்குப் பொம்மைகள். பேய்க்கும் பொழுது போகவேண்டுமல்லவா? எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வைத்திருக்கிறார்கள்!

நமக்கு வந்த சிரிப்பு, அங்கே மண்டியிட்டிருந்தவர்களைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி கண்களை மூடிக் கைகூப்பியிருந்தாள். அவளுக்குச் சற்றுத் தள்ளி ஓர் இளைஞன். அந்நாட்டில் ஏப்ரல் மாதந்தோறும் சீட்டு எடுத்துப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். சிவப்புச் சீட்டு வந்தால் போகவேண்டும். கறுப்பு வந்தால் விடுதலை. கறுப்புச் சீட்டை வேண்டி வாலிபர்கள் இவளிடம் வருகிறார்கள். யுத்தத்தினால் கணவனைப் பிரிந்தவளிடம் வேறு எதைக் கேட்பது?

கர்ப்பத்தோடு இறந்த பெண்ணுக்காகச் சுமைதாங்கிக் கல் நடும் வழக்கம் நம் தமிழ்நாட்டிலும் உண்டு என்பது அப்போது நினைவுக்கு வந்தது. இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக ஒரு கல்! இந்தத் துயரம் பழங்கதை ஆகிவிடவில்லை. கர்ப்பத்தினாலும் பிரசவத்தினாலும் 2023-ல் மட்டும் உலகில் சுமார் 2,60,000 பெண்கள் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. தக்க சமயத்தில் மருத்துவ உதவி கிடைத்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சந்நிதியின் அருளோடு நல்ல ஆஸ்பத்திரியும் கிடைக்க வேண்டும் என்று நாமும் வேண்டிக்கொண்டோம்.

தாய் மொழியில் "மே" என்றால் அம்மா என்று பொருள். உயிரோடிருந்தபோது ஒரு நாளும் அப்படி அழைக்கப்படாதவள் அவள். மந்திரவாதி அவளைக் குடத்தில் அடைத்தான். ஊர் ஜனங்களோ அம்மா என்று அழைத்து, குழந்தைக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்தார்கள். எது அவளைச் சாந்தப்படுத்தியிருக்கும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.