பூஜ்ஜியத்தை எழுதாத அணி

சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, பாவூர்சத்திரம், கீழக்கடையம் ஆகிய ஆறும் தென்காசி மாவட்டத்து ரயில் நிலையங்கள். நடுவிலுள்ள சிறு நிலையங்களை ஒதுக்கிவிட்டு, இதே வரிசையில் இவற்றுக்கு 0 முதல் 5 வரை எண் கொடுக்கலாம். தடத்தில் அடுத்தடுத்து வரும் நிலையங்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று நிரப்பினால் 6×6 அணி ஒன்று கிடைக்கும். அதன் 36 கட்டங்களில் பத்தில்தான் 1 இருக்கும். மூன்று தடங்கள் கூடும் தென்காசிச் சந்திப்பின் நிரையிலேயே மூன்று கட்டங்கள் போக மீதியெல்லாம் பூஜ்ஜியம். இப்படிப் பூஜ்ஜியம் மலிந்ததே ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ்.

இதைச் சுருக்க, நிரை நிரையாகப் படித்து, பூஜ்ஜியமல்லாத உறுப்பு வரும்போது மட்டும் அதன் நிரை எண், நிரல் எண், மதிப்பு மூன்றையும் மூன்று பட்டியல்களில் சேர்த்தால் போதும். தென்காசியின் நிரை (2,1,1), (2,3,1), (2,4,1) என்றாகிவிடும். 1-க்குப் பதில் தூரத்தையும் வைக்கலாம். அப்போது செங்கோட்டைக்கான உறுப்பு ஏறத்தாழ 8 கி.மீ.

ஆறு நிலையங்களுக்கு இது வீண் வேலைதான்: 36 எண்களுக்குப் பதில் 30. ஆனால் 7,000 நிலையங்கள் என்றால் முழு அணிக்கு 4.9 கோடி கட்டங்கள் வேண்டும். நிலையத்துக்குச் சராசரியாக மூன்று இணைப்புகள் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் மும்மை வடிவில் 63,000 எண்களே.

பைத்தானின் சைபை நூலகத்தில் இவ்வடிவுக்குக் கூ என்று பெயர். மேட்லாபில் ஃபைண்ட் கட்டளை மூன்று பட்டியல்களையும் தந்துவிடும்; ஆனால் அங்கே எண் 1-இல் தொடங்கும், உறுப்புகள் நிரல்வாரியாக வரும். பைத்தானுக்குக் கொண்டுவரும்போது நிரை, நிரல் எண்களில் ஒன்றைக் கழிக்காவிட்டால் தென்காசியின் தடங்கள் செங்கோட்டைக்குப் போய்விடும்.

அணியின் அளவைத் தனியே குறித்துவைப்பதும் அவசியம். குற்றாலத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. அதை 6 என்ற எண்ணில் ஏழாவது ஊராகச் சேர்த்தால் அதன் நிரையும் நிரலும் முழுக்கப் பூஜ்ஜியம். மும்மைப் பட்டியலில் அந்த ஊர் தலைகாட்டவே காட்டாது. அளவு 7×7 என்று சொல்லாமல் அணியைத் திரும்பக் கட்டினால் சீசன் நேரத்திலும் குற்றாலம் காணாமல் போயிருக்கும். ஒரே இணைப்பு இருமுறை பதிவாகியிருந்தால் வேறு வம்பு: வடிவம் மாற்றும்போது சைபை இரண்டையும் கூட்டி 2 ஆக்கிவிடும்.

நிரை எண்களை இன்னும் சுருக்கி, ஒவ்வொரு நிரையும் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் வைத்திருக்கும் வடிவமும் உண்டு. ஏழு ஊர்களுக்கு அது 0, 1, 3, 6, 7, 9, 10, 10. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசமே அந்தந்த நிரையின் உறுப்பு எண்ணிக்கை: 1, 2, 3, 1, 2, 1, 0. ஒவ்வொரு நிரை எண்ணையும் அத்தனை முறை எழுதினால் 0, 1, 1, 2, 2, 2, 3, 4, 4, 5 என்று பழைய பட்டியல் வந்துவிடும். நிரல் எண்களையும் மதிப்புகளையும் தொடவே வேண்டியதில்லை.