தாழ்ந்த பாலமும் உயர்ந்த பாரமும்

பருத்தி ஏற்றிய லாரி ரயில் பாலத்தின் கீழே இடித்து நின்றால், ஓட்டுநரை வைவதே நம் வழக்கம். பெரம்பலூர், அரியலூர் அங்கத்தினர்கள் சற்றே சிந்தித்தல் வேண்டும்.

அமெரிக்காவில் டர்ஹாம் நகரத்து ரயில் பாலமொன்றின் உயரம் 11 அடி 8 அங்குலமே. அறிவிப்புப் பலகைகளும் எச்சரிக்கை விளக்கும் இருந்தும் லாரிகள் மோதிய வண்ணமிருந்தன. கீழே கழிவுநீர்க் குழாய் செல்வதால் சாலையைத் தாழ்த்த இயலவில்லை. 2019இல் பாலத்தையே 8 அங்குலம் உயர்த்தினர். பின்னரும் மோதல் அறவே ஒழியவில்லை! மோதியவருள் பலர் வாடகை வண்டி எடுத்தவர்; அதன் உயரம் அறியாதவர்.

நம் நாட்டிலோ, 3.8 மீட்டராயிருந்த சரக்கு வண்டியின் உயர வரம்பு 2020இல் 4 மீட்டராயிற்று. பழைய வண்டியின் நினைவில் புதியதை ஓட்டுபவர் ஏமாறுவார். பாலத்தடியில் மேன்மேலும் தார் போட்டால் இடைவெளி குறையும். பலகையிலுள்ள எண் குறையாது. இன்னொரு விந்தை: பாரமிறக்கிய லாரி, வில்கள் நிமிர்வதால் உயர்ந்துவிடும். பாரத்துடன் நுழைந்த கூண்டு வண்டி வெறுமையாய்த் திரும்புகையில் இடிப்பதுண்டு.

எனினும், வாடகையை மிச்சம் பிடிக்க மூட்டைமேல் மூட்டை அடுக்குவோர் நாமன்றோ? சரிந்து கிழியும் மூட்டையின் நஷ்டமும் நம்முடையதே. வண்டி கிடங்கைவிட்டுப் புறப்படுமுன், தரையிலிருந்து மேல் மூட்டைவரை அளந்து, அடியிலும் மீட்டரிலும் எழுதி ஓட்டுநரிடம் தருமாறு சங்கக் குமாஸ்தாவைப் பணித்தல் வேண்டும்.