கணினியின் முகமும் முதுகும்

இம்மலருக்கென வந்த கட்டுரைகளைத் தட்டச்சிட்டு ஒழுங்குசெய்து வைத்திருந்த மேசைக் கணினி, ஒருநாட் காலையில் இயக்கியபோது, திரை இருண்டு நின்றது. பழைய மாணவர் பலர் அரிதின் முயன்று எழுதியனுப்பியவை அதனுள் இருந்தன. கையெழுத்துப் படிகளுட் சில உரியவர்களிடம் திரும்பிச் சென்றும் விட்டன. பெட்டியைத் திருத்துவோரிடம் கொண்டுசெல்வதே வழியென்று யான் கலங்கி நின்றேன். அருகில் நின்ற உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் குனிந்து பெட்டியின் முகப்பைச் சிறிதுநேரம் நோக்கிவிட்டு, "பெட்டிக்கு உயிர் இருக்கு சேர், பின்பக்கத்திலைதான் ஏதோ பிழை" என்றான். அவன் நோக்கியவை இரண்டு சிறு விளக்குகள். அவனிடத்துக் கேட்டறிந்ததையும் பின்னர் யானே தேடியறிந்ததையும் என்போன்றார்க்குப் பயன்படுமென எண்ணி ஈண்டு எழுதுகின்றேன்.

அவ்விளக்குகளுள் ஒன்று, பெட்டி இயங்குங்கால் அசையாது ஒளிர்வது. பெட்டி உறங்குநிலையிலிருப்பின் பெரும்பாலும் மெல்ல விட்டுவிட்டு ஒளிரும். மற்றையது ஒழுங்கின்றித் துடிப்பது. வன்தட்டிலே எழுதுதலோ படித்தலோ நிகழ்வதை அது காட்டும். அது துடிக்கும்போது மின்னைத் துண்டித்தல் எழுதிக்கொண்டிருப்பவன் கையைப் பற்றி இழுத்தலை ஒக்கும். விளக்கின் நிறம் செய்வோர்க்குச் செய்வோர் வேறுபடும். ஆதலின் நிறத்தைக் கொண்டன்று, நடத்தையைக் கொண்டே அவற்றை இனங்காணல் வேண்டும். அன்று முதல் விளக்கு நிலையாக ஒளிர்ந்தது. இரண்டாவது சிலகணம் துடித்து அடங்கியது. பெட்டி விழித்து, தன் வன்தட்டைப் படித்து, வேலைக்கு ஆயத்தமாய் இருக்கின்றது என்பதே அதன் பொருள். திரையின் விளிம்பிலிருந்த விளக்கோ செம்மஞ்சளாய் நின்றது. பல திரைகளில் அது, 'எனக்கு மின் வருகின்றது, படம் வரவில்லை' என்னும் முறைப்பாடு.

முகப்பிலுள்ள பெரிய பொத்தான் இயக்கும் பொத்தான். மேற்புறம் திறந்த வட்டமும் அத்திறப்பில் நிற்கும் நேர்கோடும் அதன் குறி. அதனை ஒருமுறை மெல்ல அழுத்தினாற் பெட்டி இயங்கத் தொடங்கும். இயங்கும் பெட்டியில் அதனை நான்கு விநாடியளவு விடாது அழுத்தினால் மின் சட்டென அறுந்து, சேமியாத எழுத்தெல்லாம் அழியும். வேறு எவ்வழியும் இல்லாதபோதே அது செய்யத்தக்கது. அதனருகே சிறு பொத்தான் ஒன்று இருப்பின், அது பெட்டியை மீளத் தொடங்குவிப்பது. புதிய பெட்டிகள் பலவற்றில் அஃது இல்லை.

இனி, முதுகுப்புறம். மின்வடம் சேரும் குதையின் அருகே, கோடும் வட்டமும் பொறித்த ஓர் ஆளி உண்டு. கோடு மின் செல்லும் நிலை. வட்டம் செல்லா நிலை. வட்டத்தின் பக்கம் அழுந்தியிருக்கும் வரை முகப்புப் பொத்தானை எத்துணை அழுத்தினும் பயனில்லை. இதனை அறியாது பெட்டியைச் சுமந்து திரிந்தோரும் உளர். அதனினும் கவனிக்கத்தக்கது, சில பழைய பெட்டிகளில் 115, 230 என்னும் எண்களோடு காணப்படும் சிவந்த சிறு ஆளி. எம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ அன்பர் ஒருவர் அனுப்பிய பெட்டியில் அவ்வாளி 115 இல் நிற்க, அதனை இங்குள்ள மின்னோடு இணைத்தால், மின்வழங்கி அப்பொழுதே எரிந்து போகும். ஆதலின் வெளிநாட்டுப் பெட்டி வந்தால் முதலில் அவ்விடத்தைப் பார்க்க. புதியன பல தாமே இரண்டிற்கும் இயைந்துகொள்வன. அவற்றில் இவ்வாளி இராது.

வடங்கள் வந்து சேரும் வாய்களைத் துறை என்று எம் பாடநூல்கள் வழங்குகின்றன. கலம் அணையும் இடத்திற்குரிய சொல்லை இதற்குக் கொண்டது பொருத்தமே. ஒவ்வொரு கலத்திற்கும் உரிய துறை வேறு. வட்டமான இரண்டுள், ஊதா நிறத்தது விசைப்பலகைக்கும் பச்சை நிறத்தது சுட்டிக்கும் உரியன. 1987 இல் ஐ.பி.எம். நிறுவனம் கொணர்ந்த இவை இப்போது அருகிவருகின்றன. செவ்வக வாயுடைய யூ.எஸ்.பி. துறைகள் எல்லார்க்கும் பழகியவை. உள்நாக்கு நீலமாயின் அது பெரும்பாலும் விரைவு மிக்க வகை. சிறு வட்டத் துளைகளுட் பச்சை ஒலிபெருக்கிக்கும் இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கும் உரியன. தொலைபேசிக் குதையை ஒத்து அதனினும் அகன்றது வலையமைப்புத் துறை. அதனருகே துடிக்கும் சிறு விளக்கு, செய்தி வருவதையும் போவதையும் காட்டும். எச்செருகியையும் வலிந்து திணித்தலாகாது. வளைந்த ஊசி எளிதில் நிமிராது.

திரைக்குரிய துறைகளே எம்மை மயக்கியவை. மூன்று வரிசையிற் பதினைந்து துளைகளும் இருபுறம் திருகாணியும் உடையது வி.ஜி.ஏ.; கீழ்ப்புறம் ஒடுங்கிய மெல்லிய வாயினது எச்.டி.எம்.ஐ. ஒரே பெட்டியில் எச்.டி.எம்.ஐ. துறை ஈரிடத்து இருத்தலும் உண்டு: ஒன்று தாய்ப்பலகைக்குரிய துறைக் கூட்டத்துள், மற்றையது அதற்குக் கீழே தனியாகச் செருகிய படவட்டையில். படவட்டை உள்ள பெட்டிகள் பலவற்றில் மேலுள்ள துறை தானே ஓய்ந்துவிடும். முதல்நாள் மாலை தூசு தட்டி வடங்களை மீளச் செருகியவன் யானே. கைக்கு எட்டிய மேற்றுறையிற் செருகிவிட்டேன். மாணவன் அதனைக் கழற்றிக் கீழே செருகினான், திரை ஒளிர்ந்தது, கட்டுரைகள் ஒன்றும் குறையாது இருந்தன.

மறுநாள் அவன் ஒவ்வொரு துறையின் அருகேயும் பெயரெழுதிய சிறு கடதாசித் துண்டு ஒட்டிவைத்தான். திரை என்னுமிடத்துத் 'திறை' என எழுதியிருந்தான். சிற்றரசர் பேரரசர்க்குச் செலுத்துவது அது. அந்த ஓரெழுத்தை மட்டும் யான் சிவப்பு மையாற் றிருத்தினேன்.