‘உனக்கு எப்படித் தெரியும்?’
ஆங்கிலத்தில் எதிர்காலத்தைக் கற்பிக்க உதவும் ஒரு கேள்வி

மரக்காணம் பகுதியில் உப்பள வேலைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளிடம் வரப்போகும் நாள்களைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ‘நாளைக்கு லாரி வருது’, ‘மழை பெய்யப் போவுது’, ‘அடுத்த வாரம் வேலை இருக்கலாம்’, ‘அந்த மூட்டையை நான் தூக்குறேன்’ என்று விதவிதமாகச் சொல்வார்கள். நான்கு தொடர்களும் இனி நடக்கவிருப்பதைப் பற்றியவை. ஆனால், இலக்கண வகுப்பில் ‘எதிர்காலம்’ என்ற தலைப்பின் கீழ் நாம் எழுதிப் போடும் ‘வரும்’, ‘பெய்யும்’, ‘தூக்குவேன்’ ஆகிய வடிவங்களுள் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

அதே பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும்போது நான்குக்கும் ‘வில்’ என்ற ஒரே சொல்லைப் போடுகிறார்கள். பேச்சுத் தமிழில் இயல்பாகச் செய்யும் வேறுபாட்டை ஆங்கிலத்தில் ஏன் விட்டுவிடுகிறார்கள்? ‘எதிர்காலம் என்றால் வில்’ என்று நாம் சுருக்கிச் சொல்லிக் கொடுத்திருப்பது இதற்கு முக்கியமான காரணம். அந்தச் சுருக்கத்துக்குப் பதிலாக வகுப்பில் கேட்கத்தக்க ஒரு கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை. ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். கரும்பலகையில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தனி வடிவம் இல்லாத காலம்

ஆங்கில வினைச்சொல் இறந்தகாலத்தில் வடிவம் மாறும். ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆகும். ‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆகும். எதிர்காலத்துக்கு இப்படி ஒரு வடிவ மாற்றம் ஆங்கில வினையில் கிடையாது. வேறு வேலைக்காக இருந்த சொற்களை அந்த மொழி எதிர்காலத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. ‘வில்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘விரும்பு’ என்ற பொருளிலும், ‘ஷல்’ என்பது ‘கடன்பட்டிரு’ என்ற பொருளிலும் வழங்கியவை. ‘கோயிங் டு’ என்பதில் இருப்பது ‘போ’ என்ற வினை.

1985இல் ராண்டால்ஃப் குவர்க் உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூலும், 2002இல் ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோர் பொறுப்பில் வெளிவந்த கேம்பிரிட்ஜ் இலக்கண நூலும் ‘ஆங்கிலத்தில் எதிர்காலம் என்றொரு காலவடிவம் இல்லை, எதிர்காலத்தைச் சொல்லும் வழிகள் பல உண்டு’ என்ற கருத்தையே கொண்டவை. பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட காலவாய்பாட்டை இதற்காக நாம் கைவிட வேண்டியதில்லை. தேர்வுக்கு அது தேவை. ஆனால், எந்த இடத்தில் எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த அட்டவணை சொல்வதில்லை.

ஒரு கேள்வி, ஐந்து பதில்கள்

தேர்ந்தெடுக்க உதவும் கேள்வி இதுதான்: ‘நடக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?’

முதல் பதில்: ‘கண்ணால் பார்க்கிறேன்.’ கடல் பக்கம் மேகம் கறுத்து வருகிறது. பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பை மூட ஆள்கள் ஓடுகிறார்கள். இப்போது சொல்ல வேண்டியது ‘இட் இஸ் கோயிங் டு ரெயின்.’ அறிகுறி கண் முன்னே இருப்பதால் ‘கோயிங் டு’. தமிழிலும் ‘மழை பெய்யப் போகிறது’ என்கிறோம். தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ‘போ’ என்ற ஒரே வினையை ஒரே வேலைக்குப் பயன்படுத்துவது மாணவர்களுக்கு வியப்பூட்டும், மறக்கவும் மாட்டார்கள். முன்பே எண்ணி வைத்த செயலுக்கும் இதே வடிவம் பொருந்தும்: ‘நான் நர்சிங் படிக்கப் போகிறேன்’ – ‘ஐ ஆம் கோயிங் டு ஸ்டடி நர்சிங்.’

இரண்டாம் பதில்: ‘ஏற்பாடு ஆகிவிட்டது.’ லாரிக்காரரிடம் பேசியாயிற்று, நாளும் குறித்தாயிற்று. ‘த லாரி இஸ் கமிங் டுமாரோ.’ நிகழ்காலத் தொடர்வினையே எதிர்காலத்தைச் சொல்கிறது. ‘லாரி வருது’ என்ற பிள்ளையின் பேச்சும் நிகழ்காலத்தில்தான் இருக்கிறது.

மூன்றாம் பதில்: ‘அட்டவணையில் இருக்கிறது.’ கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்தின் நேரம், பள்ளி திறக்கும் நாள், தேர்வு தொடங்கும் நாள் போன்றவை நம் விருப்பப்படி மாறுவதில்லை. ‘த பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ்’, ‘த எக்ஸாம் பிகின்ஸ் ஆன் மண்டே’ என்று சாதாரண நிகழ்காலமே போதும்.

நான்காம் பதில்: ‘இப்போதுதான் முடிவு செய்தேன்’ அல்லது ‘அப்படித்தான் நடக்கும் என நினைக்கிறேன்.’ ஒருவர் மூட்டையோடு தடுமாறுவதைப் பார்த்த நொடியில் ‘ஐ வில் கேரி இட்’ என்கிறோம். உதவி, வாக்குறுதி, நம்பிக்கை, கருத்து ஆகியவை ‘வில்’லின் சொந்த இடங்கள். இங்கே மட்டும் எச்சரிக்கை தேவை. தமிழில் ‘நான் தூக்குறேன்’ என்று நிகழ்காலம் வருகிறதே என்று ‘ஐ ஆம் கேரியிங் இட்’ என எழுதினால், இப்போது தூக்கிக்கொண்டிருப்பதாகப் பொருள்படும். ஆகவே, தமிழ் வடிவத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றச் சொல்லாமல் கேள்வியைக் கேட்க வைப்பதே பாதுகாப்பான வழி.

ஐந்தாம் பதில்: ‘உறுதியாகத் தெரியாது.’ ‘அடுத்த வாரம் வேலை இருக்கலாம்’ – ‘தேர் மே பி வொர்க் நெக்ஸ்ட் வீக்.’ மழைக்காலம் தொடங்கினால் உப்பள வேலை நின்றுபோகும் ஊரில் இந்த ‘-லாம்’ வீட்டுச் செலவைத் தீர்மானிக்கும் சொல். அதை ‘வில்’ என்று எழுத வைத்தால் பிள்ளை சொல்ல நினைத்த செய்தியே மாறிவிடுகிறது.

தமிழாசிரியரிடம் ஒரு சொல்

ஏற்பாடான எதிர்காலத்தை நிகழ்காலத்தில் சொல்வது ஆங்கிலத்தின் விசித்திரம் அன்று. நம் இலக்கணத்தில் அதற்குப் பெயரே உண்டு: கால வழுவமைதி. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலத்துக்கு உரியதை வேறு காலத்தில் சொல்லலாம் என்று நன்னூல் இடம் தருகிறது. இன்னும் புறப்படாதவர் ‘இதோ வந்துட்டேன்’ என்பது விரைவு. நாளை நடக்கவிருக்கும் வருகையை ‘வருகிறார்’ என்பது தெளிவு. விரைவுக்காக இறந்தகாலத்தைப் பயன்படுத்துவதைத் தொல்காப்பியமும் வினையியலில் குறிப்பிடுகிறது.

பத்தாம் வகுப்பில் வழுவமைதியைப் படிக்கும் மாணவருக்கு அதே வாரத்தில் ஆங்கில ஆசிரியர் இந்தப் பாடத்தை எடுத்தால், இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று விளக்கும். ஓய்வறையில் ஐந்து நிமிடம் பேசினாலே இதற்குத் திட்டமிட்டுவிடலாம்.

‘போவார்’ எப்போதும் எதிர்காலமா?

நம் மாணவர்களின் விடைத்தாள்களில் அடிக்கடி வரும் ஒரு தொடர்: ‘மை ஃபாதர் வில் கோ டு த சால்ட் பேன் டெய்லி.’ ‘அப்பா தினமும் உப்பளத்துக்குப் போவார்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு இது. தமிழின் எதிர்கால வடிவம் வழக்கத்தையும் குறிக்கும். ‘ஐப்பசியில் கழுவெளிக்குப் பறவைகள் வரும்’ என்பது எல்லா ஆண்டும் நடப்பது. ஆங்கிலத்தில் இத்தகைய வழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலம் வேண்டும்: ‘மை ஃபாதர் கோஸ்’, ‘த பேர்ட்ஸ் கம்.’ ‘தாத்தா காலத்தில் மாட்டு வண்டியில் உப்பு ஏற்றுவார்கள்’ என்றால் அது முடிந்துபோன வழக்கம். ‘யூஸ்ட் டு’ வேண்டும்.

இதற்கு எளிய சோதனை உண்டு. தொடருக்கு முன்னால் ‘தினமும்’ அல்லது ‘வழக்கமாக’ சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருள் மாறாமல் பொருந்தினால் ‘வில்’ வேண்டாம்.

தமிழ் வடிவமும் ஆங்கில வடிவமும் கச்சிதமாகப் பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. ‘அப்பா இப்போது வீட்டில் இருப்பார்’ என்பது எதிர்காலம் அன்று, ஊகம். ஆங்கிலத்திலும் ‘ஹி வில் பி அட் ஹோம் நவ்’ என்றே ஊகிக்கிறார்கள். ‘இந்நேரம் பஸ் போயிருக்கும்’ – ‘த பஸ் வில் ஹேவ் லெஃப்ட் பை நவ்.’ மாணவரின் தமிழ் எப்போதும் தடைக்கல் அன்று என்பதை இந்த இடத்தில் காட்டலாம்.

‘வந்தால்’, ‘வந்ததும்’

‘வென் த லாரி வில் கம், வி வில் லோட் த சால்ட்.’ இது இன்னொரு பரவலான பிழை. ‘லாரி வரும்போது’ என்பதில் உள்ள ‘வரும்’தான் இங்கே ‘வில் கம்’ ஆகிவிடுகிறது. ‘வென்’, ‘இஃப்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’ ஆகியவற்றுக்குப் பின் வரும் காலத்தொடரிலும் நிபந்தனைத் தொடரிலும் ‘வில்’ பொதுவாக வராது. ‘வென் த லாரி கம்ஸ்’ என்பதே சரி.

காரணம் கேட்கும் மாணவருக்குத் தமிழையே காட்டுங்கள். ‘மழை பெய்தால் உப்பு கரையும்.’ பெய்வதும் கரைவதும் இனிமேல்தான். ஆனால் ‘பெய்தால்’ என்பதில் இருப்பது ‘பெய்த’ என்ற சொல்லில் வரும் அதே இறந்தகால இடைநிலை. ‘நாளை லாரி வந்ததும் ஏற்றுவோம்’ என்பதிலும் நாளைய வருகை ‘வந்தது’ என்ற வடிவத்தில்தான் நிற்கிறது. எதிர்காலத்தை முதன்மைத் தொடரே சுமந்துவிடுவதால் துணைத்தொடர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலமும் அப்படியே: ‘இஃப் இட் ரெயின்ஸ், த சால்ட் வில் டிசால்வ்.’

வானிலை அறிக்கையே பாடநூல்

மேல்வகுப்புகளுக்கு மிகச் சிறந்த வாசிப்புப் பகுதி இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆங்கில அறிக்கை. அதில் புயல் கரையைக் ‘கடக்கும்’ என்று அறுதியிடாமல், ‘லைக்லி டு கிராஸ்’, ‘வெரி லைக்லி டு மூவ்’ என்று அளந்து எழுதுவதைக் காணலாம். ‘லைக்லி’ என்பதைவிட ‘வெரி லைக்லி’ கூடுதல் வாய்ப்பைக் குறிக்கும். அறிவியலாளர் தமக்குத் தெரிந்த அளவையும் சொல்லிலேயே காட்டுகிறார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னர் அதே பகுதியில் பல மணி நேரம் நகராமல் நின்று, விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழையைக் கொட்டியது. இத்தகைய நாள்களில் செல்பேசியில் வரும் ஆங்கிலச் செய்தியை வீட்டில் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைதான். ‘லைக்லி’ என்பதை ‘கட்டாயம் வரும்’ என்று படித்துச் சொன்னால், வராதபோது அடுத்த எச்சரிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள். ‘வந்தாலும் வரும்’ என்று தளர்த்திச் சொன்னால், படகையும் பொருள்களையும் காப்பாற்றும் நேரம் போய்விடும். எதிர்காலத்தைச் சொல்லும் வழிகளைச் சரியாகப் பிரித்தறிவதன் பயன் மதிப்பெண்ணோடு முடிவதில்லை.

வகுப்பில் செய்யத்தக்கவை

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் இலக்கணப் பெயர்கள் வேண்டாம். கரும்பலகையில் மேகம், நாட்காட்டி, கைகுலுக்கல் என மூன்று படங்கள் வரையுங்கள். மேகத்துக்கு ‘கோயிங் டு’, நாட்காட்டியில் குறித்த ஏற்பாட்டுக்கு ‘ஈஸ் கமிங்’ போன்ற வடிவம், கைகுலுக்கலுக்கு ‘ஐ வில்’. நீங்கள் ஒரு சூழலைத் தமிழில் சொல்ல, பிள்ளைகள் படத்தைச் சுட்டிக்காட்டி ஆங்கிலத்தில் சொல்லட்டும்.

ஆறு முதல் எட்டு வரை, உப்பள ஆண்டை நான்கு பேர் கொண்ட குழுக்களாக எழுதச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் நடப்பவை சாதாரண நிகழ்காலத்திலும், இந்த ஆண்டுக்கு ஏற்பாடானவை தொடர்வினையிலும், மழையைப் பொறுத்தவை ‘இஃப்’ தொடரிலும், ஐயமானவை ‘மே’யிலும் வரும். நெசவு, மீன்பிடி, மா சாகுபடி என உங்கள் ஊர்த் தொழிலுக்கும் இதை மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல், ஒரு வானிலை அறிக்கையில் எதிர்காலத்தைக் குறிக்கும் சொற்களுக்கு அடிக்கோடிட்டு, உறுதி கூடும் வரிசையில் அடுக்கி, வீட்டாருக்குச் சொல்வதுபோல் தமிழில் எழுதச் சொல்லலாம்.

திருத்தும்போது

எல்லா ‘வில்’லும் பிழை அல்ல. விடைத்தாளில் மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது நியாயமாக இருக்கும்.

‘வென் த லாரி வில் கம்’ என்பது அமைப்புப் பிழை, திருத்த வேண்டும். ‘மை ஃபாதர் வில் கோ டெய்லி’ என்பதில் அமைப்பு சரி, ஆனால் சொல்ல நினைத்தது வழக்கம். பொருள் மாறுவதைக் காட்ட வேண்டும். ‘டுமாரோ ஐ வில் கோ டு மை அங்கிள்ஸ் ஹவுஸ்’ என்பது பிழையே அல்ல. முன்பே முடிவான பயணம் என்றால் வேறு வடிவம் இயல்பாக இருக்கும், அவ்வளவுதான். இதற்குச் சிவப்பு மை வேண்டாம், மதிப்பெண்ணும் குறைக்க வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் ‘எப்படித் தெரியும்?’ என்று எழுதி, ஒரு கேள்விக்குறி இடுங்கள். ‘மாமா வரச் சொல்லிட்டாரு, பஸ்ஸுக்குக் காசும் குடுத்துட்டாரு’ என்று மாணவர் பதில் சொன்னால், ‘அப்படியானால் அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வாய்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.