ஃப்ளோ கன்ட்ரியின் சதுப்புப் பாசிகள்

ஸ்காட்லாந்தின் வட கோடியில், கெய்த்னஸ், சதர்லாந்து ஆகிய இரு வட்டாரங்களில் பரந்து கிடக்கும் ஃப்ளோ கன்ட்ரி என்னும் சதுப்புநிலம், 2024-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மழைநீரை மட்டுமே நம்பி, மேடு பள்ளம் பாராமல் நிலத்தை மூடிக் கிடக்கும் இத்தகைய சதுப்பை உருவாக்குபவை பெரும்பாலும் ஸ்பேக்னம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பாசிகளே. வேரற்ற இச்செடிகள் நுனியில் வளர வளர அடியில் மடிகின்றன. மடிந்த பகுதி, நீர் தேங்கிக் காற்றுப் புகாததால் முழுதும் மட்காமல், பீட் எனப்படும் கரிய மண்ணாகப் பல நூற்றாண்டுகளாகப் படிகிறது.

பிரிட்டனில் காணப்படும் முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்பேக்னம் சிற்றினங்களை வெறுங்கண்ணால் பிரித்தறிவது எளிதன்று. ஒரே சிற்றினம் நிழலில் பச்சையாகவும் வெயிலில் செந்நிறமாகவும் தோன்றக்கூடும். ஆகவே இலையை நுண்ணோக்கியில் வைத்தே பார்க்க வேண்டும். அதில் உயிரற்ற பெரிய வெற்றுச் செல்கள் நீரைத் தேக்கி நிற்க, அவற்றின் இடையே ஒடுங்கிய பச்சைச் செல்கள் வலைபோல் ஓடுகின்றன. இலையின் குறுக்குவெட்டில் இப்பச்சைச் செல்கள் உட்புறம் நோக்கி அகன்றிருந்தால் அக்யூட்டிஃபோலியா பிரிவு, வெளிப்புறம் நோக்கி அகன்றிருந்தால் கஸ்பிடேட்டா பிரிவு. இவ்வளவு சிறிய வேறுபாடு ஒரு பெரும் பிரிவையே வரையறுப்பது வியப்புக்குரியது.

இவற்றின் பரவலை முதன்மையாகத் தீர்மானிப்பது நீர்மட்டம். குட்டைகளில் ஸ்பேக்னம் கஸ்பிடேட்டம் மிதக்க, அதற்குச் சற்று மேலே ஸ்பேக்னம் பாப்பிலோசம் மெத்தையாகப் படர்கிறது. மேடுகளின் உச்சியை ஸ்பேக்னம் கேப்பிலிஃபோலியம் பிடித்துக்கொள்கிறது. சில அடி தொலைவுக்குள்ளேயே இந்த அடுக்கு முழுவதையும் காணலாம். ஊற்றுநீரின் வழியாகத் தாதுக்கள் சேரும் இடங்களில் மட்டும் ஸ்குவாரோசம் போன்ற வேறு சிற்றினங்கள் தலைகாட்டுகின்றன. முன்பு பீட் படிவதில் பெரும்பங்கு வகித்த ஸ்பேக்னம் ஆஸ்டினி இன்று மிக அருகிவிட்டது. அதற்குத் தீயிடல், நீர் வடிப்பு, காற்று மாசு ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன.

வகைப்பாடும் இன்னும் முடிந்தபாடில்லை. நெடுங்காலம் ஸ்பேக்னம் மெகெல்லானிக்கம் என ஒன்றாகக் கருதப்பட்ட சிவந்த பாசி, மரபணு ஆய்வின் பயனாக 2018-இல் பிரிக்கப்பட்டு, ஐரோப்பாவில் அது மீடியம், டிவைனம் என இரு சிற்றினங்களாயிற்று. பழைய பரவல் வரைபடங்களையும் அதற்கேற்பத் திருத்த வேண்டியதாயிற்று.

1980-களில் வரிச்சலுகையின் தூண்டுதலால் ஃப்ளோ கன்ட்ரியின் பல பகுதிகளில் கால்வாய் வெட்டி ஊசியிலை மரங்கள் நடப்பட்டது இந்நிலத்துக்கு நேர்ந்த பெருந்தீங்கு. அச்சலுகை 1988-இல் நீக்கப்பட்டது. இப்போது அம்மரங்களை வெட்டி அகற்றி, கால்வாய்களை அடைத்து நீரைத் தேக்குகின்றனர். அவ்வாறு தேங்கும் நீரில் பெரும்பாலும் முதலில் குடியேறுவது கஸ்பிடேட்டமே, மெத்தையாகப் படரும் பாப்பிலோசம் வருவதற்கோ மேலும் பல ஆண்டுகள் ஆகின்றன.