அடிமேல் அடி வைத்து ஆலயம் வலம் வர

மேற்குத் தொடர்ச்சி மலையின் மீது இளவெயில் படியும் முன்பே கம்பம் பள்ளத்தாக்கு விழித்துக்கொள்கிறது. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களில் குளிர்காற்று தவழ, கோயில் மணியோசை ஊருக்கு ஊர் கேட்கிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கும், குச்சனூர் சனீஸ்வர பகவானின் ஆடிச் சனிக்கிழமைகளுக்கும், அமாவாசை நாட்களில் சுருளித் தீர்த்தத்துக்கும் ஆண்டு தவறாமல் சென்றவர்கள் இப்பகுதி முதியவர்கள். அவர்களுள் பலர் இன்று வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். பக்தி குறைந்ததால் அன்று. கீழே விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தால்.

அந்த அச்சம் வீணானதன்று. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்க நேரிடலாம். ஆனால் விழுவோம் என்று அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்தால் கால்கள் மேலும் வலுவிழக்கின்றன. அதனாலேயே விழும் வாய்ப்பு கூடுகிறது. இந்தச் சுழலிலிருந்து விடுபட மெதுவான, இடைவிடாத பயிற்சி உதவும். 25 நாடுகளில் முதியவர்களிடம் நடந்த 108 ஆய்வுகளைத் திரட்டி, காக்ரேன் அமைப்பு 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பு, உடற்பயிற்சியால் கீழே விழும் நிகழ்வுகள் ஏறத்தாழ 23 சதவீதம் குறைவதாகக் கூறுகிறது.

சீன நாட்டில் விடியற்காலைப் பூங்காக்களில் முதியோர் செய்யும் 'சீகோங்' இத்தகைய மென்மையான பயிற்சிகளுள் ஒன்று. 'சீ' என்பது மூச்சு, உயிர்க்காற்று எனப் பொருள்படும். 'கோங்' என்பது தொடர் முயற்சியால் கைவரும் திறன். அசைவு, மூச்சு, மனம் ஆகிய மூன்றையும் ஒன்றிணைப்பதே இதன் உயிர்நாடி. நமக்கும் இது புதிதன்று. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்தையும் அட்டாங்க யோகத்தையும் விரித்துரைக்கிறார். பழனியில் சமாதி கொண்ட போகர் சீன நாட்டோடு தொடர்புடையவர் என்பது சித்தர் மரபு கூறும் செய்தி.

சீகோங் முறைகளுள் பெயர்பெற்றது 'எட்டுப் பட்டுத் துண்டுகள்' என்னும் எட்டு அசைவுகளின் தொகுப்பு. புதிதாகத் தொடங்கும் முதியவர்க்கு அவற்றுள் மூன்றே போதும்.

முதலில், உறுதியான நாற்காலி ஒன்றின் அருகில், பாதங்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி, முழங்காலைச் சற்றே தளர்த்தி நிற்க வேண்டும். மூச்சு இயல்பாக நான்கைந்து முறை வந்து போகட்டும். பின் இரு கைகளையும் கோத்து, மூச்சை உள்ளிழுத்தவாறு மெல்லத் தலைக்கு மேலே உயர்த்தி, மூச்சை விட்டவாறு இறக்க வேண்டும். தோள் வலிக்குமாயின் மார்பளவு உயர்த்தினாலே போதும்.

இரண்டாவதாக, கைகளைத் தொங்கவிட்டு, தலையை மட்டும் மெல்ல இடப்புறம் திருப்பிப் பார்த்து, நடுவுக்கு வந்து, பின் வலப்புறம் திருப்ப வேண்டும். மூன்றாவதாக, நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு குதிகால்களை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்லத் தரையில் இறக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஐந்தாறு முறை செய்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நிற்க இயலாதவர்கள் முதலிரண்டையும் அமர்ந்தே செய்யலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மூச்சை அடக்கக் கூடாது. வாசல் தெளித்த ஈரத் தரையில் பயிலக் கூடாது. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் தொடங்காமல், சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டு எழுவதே நலம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்யலாகாது. தலைசுற்றலோ நெஞ்சு வலியோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். இதய நோய், மூட்டு அறுவை சிகிச்சை, கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். எந்த மருந்துக்கும் இது மாற்று ஆகாது.

உண்மையில், இத்தகைய பயிற்சியை நம் முன்னோர் ஆலய வழிபாட்டிலேயே பொதிந்து வைத்துள்ளனர். பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் தொடைகளுக்கு வலுவூட்டும். ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டி வைத்து, அம்மன் சந்நிதியைச் சுற்றிவரும் அடிப்பிரதட்சிணமோ, இன்று உடற்பயிற்சி வல்லுநர்கள் சமநிலைக்காகக் கற்பிக்கும் குதிகால்–விரல் நடையேதான். அவசரமின்மையும் மன ஒருமையும் இரண்டுக்கும் பொது. வேண்டுதல் நிறைவேறச் செய்த அந்த நடை, நடப்பவரின் கால்களையும் காத்து வந்திருக்கிறது.

கால்கள் ஓரளவு உறுதிப்பட்ட பின், கூட்டமில்லாத காலை வேளையில், கல்தரை சுடும் முன்பே, பேரனோ மகளோ உடன்வர, ஒரு சுற்று வலம் வந்து பார்க்கலாம். சுருளியின் படிகள் இன்றே கைகூட வேண்டியதில்லை. தெருமுனைப் பிள்ளையார் வரை துணையின்றி அஞ்சாமல் சென்று திரும்பும் நாள் வந்தால், அதுவே அந்த முதியவர்க்கு அவன் அருள்.